விளிம்பில் குமிழ் வரும்வரை

“மாரி பேரைப் போட்டுக்கலாம் மேடம். அந்தப் பொண்ணு வாயே திறக்காது.” தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. சனிக்கிழமை, அரை நாள் வேலை, மணி ஒன்று. குழாய்க்குப் பின்னால் இருப்பது மெல்லிய பலகைத் தடுப்புதான், அதற்கு அந்தப் பக்கம் ஹெச்.ஆர். மேடத்தின் அறை. பேசியது ஞானவேல் சார். உற்பத்தி முழுவதும் அவர் பொறுப்பு. குரலில் கோபமே இல்லை. கல்யாண வீட்டில் யார் எந்த வரிசையில் உட்காருவது என்று சொல்லும்போது இருக்குமே, அந்த மாதிரிக் குரல். மேடம் சிரித்தாரா இருமினாரா என்று இப்போதுவரை தெரியவில்லை. பாட்டில் நிரம்பி வழிந்து செருப்புக்குள் தண்ணீர் போனது. குழாயை மூடினேன், மூடியைத் திருகினேன், பையை எடுத்தேன், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. பழக்கதோஷத்தில் அந்த வாக்கியத்தையும் பஸ்ஸிலேயே ஜப்பானிய மொழியில் போட்டுப் பார்த்தேன். அங்கே போனதும் அது இன்னும் மரியாதையாக ஆகிவிட்டது. இப்போது மணி நாலரை. வீட்டுச் சமையலறையில் வாணலி அடுப்பில் இருக்கிறது, கையில் பச்சைத் தேயிலைப் பொட்டலம், ஆறு மணிக்குள் ஒரு மெயிலுக்குப் பதில் போட வேண்டும், நான் சாக்லேட் பால் காய்ச்சப் போகிறேன். ஏன் இதை இப்போது செய்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா கேட்டாள். “என்னடி வந்ததும் வராததுமா அடுப்புகிட்ட?” என்றாள். கூடத்தில் யாருடைய பட்டுப்புடவைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள், வாயில் நூல். “ஜப்பான் டீம்மா” என்றேன். “டீயா, சாக்லேட்னு சொன்ன?” “ரெண்டும் சேர்த்துதான்.” “ரெண்டுல ஒண்ணைக் குடிச்சா அந்த ஊர்ல ஆகாதா?” என்றாள் அம்மா. பல்லால் நூலை அறுத்தது இங்கே வரை கேட்டது. வாயே திறக்காது. திறக்காது என்று அஃறிணையில் சொன்னதுகூடப் பரவாயில்லை, பொண்ணு என்றால் பேச்சில் அப்படித்தான் வரும். அந்த ‘ஏ’தான்.

செய்முறைக் குறிப்பு போனில் படமாக இருக்கிறது. ஹயாசே சானின் மனைவி கைப்பட எழுதி அனுப்பியது. ஹயாசே சான் எங்கள் கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல வந்திருக்கும் ஜப்பானியர், அறுபது வயதிருக்கும், மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவார். என் பெயர் முத்துமாரி என்று முதல் நாள் சொன்னபோது முழுவதும் வாயில் நுழையாமல் “மாரி சான்” என்றார், சான் என்பது அங்கே எல்லோர் பெயருக்கும் பின்னால் போடும் மரியாதை. மாரி என்பது அவர்கள் ஊரிலும் பெண் பெயர்தானாம், அவர் அக்காள் பெயராம். போன புதன்கிழமை அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். பச்சைத் தேயிலை பழசாகிவிட்டால் அங்கே தூக்கிப் போட மாட்டார்களாம், வீட்டிலேயே வறுத்துப் புதிதாக ஒரு தேநீராக்கிக்கொள்வார்களாம். வறுத்ததைப் பாலில் ஊறவைத்துச் சாக்லேட் சேர்த்தால் குளிருக்கு நன்றாக இருக்கும் என்று மனைவி எழுதியிருக்கிறார். குளிருக்கு. அம்மாவின் நெற்றியில் வியர்வை. குறிப்பில் முதல் வரி: எண்ணெய் இல்லாத வாணலி, மிகச் சிறிய தீ, இரண்டு கரண்டி இலை. போட்டேன். இரண்டாவது வரி: கையை நிறுத்தாமல் வாணலியை ஆட்டுங்கள், இலை தன் நிறத்தை விடும், முதல் புகை இழை கிளம்பியதும் இறக்குங்கள், இறக்கிய பிறகும் அது வறுபட்டுக்கொண்டேதான் இருக்கும். இறக்கிய பிறகும். வாசனை முதலில் வைக்கோல் மாதிரி வந்தது, அப்புறம் வறுகடலை. புதன்கிழமை இந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தது நான் மட்டும் இல்லை. பதினாலாம் நம்பர் மிஷின் கோகிலவாணி அக்காவும்தான். “என்னாடி இது, மாட்டுக்குப் போடுற புல்லு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, வறுத்துச் சாக்லேட் போடுவது என்றதும், “அப்ப எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வா, சாக்லேட்னா மாட்டுப் புல்லையும் தின்னுவேன்” என்றாள். அப்போது அவளுக்குப் பத்து விரலும் இருந்தது.

இப்படி நினைக்கக் கூடாது. ஆனால் கணக்கு தானாக அங்கேதான் போகிறது. வியாழக்கிழமை பதினொன்றே கால். எங்கள் கம்பெனியில் காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுகட்டாகச் செய்கிறோம், வயர் நுனியில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்து அழுத்துவதற்குப் பதினாலு மிஷின், ஒவ்வொன்றிலும் ஒரு பெண். ஊசி போடுகிற நேரம்கூட ஆகாது, டக் என்று இறங்கி ஏறிவிடும். அதன் வாயை ஒரு கண்ணாடி மூடி மறைத்திருக்கும். மூடி திறந்திருந்தால் மிஷின் ஓடக் கூடாது. ஓடியது. நான் அப்போது மூன்று மிஷின் தள்ளி ஹயாசே சானுக்காக ஒரு பெட்டியின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அலறியதாக இப்போது சொல்கிறார்கள், நான் கேட்கவில்லை. கோகிலா அக்கா எழுந்து நின்று தன் வலது கையைத் தூக்கிப் பார்த்து, “அய்யய்யோ, கையுறை கிழிஞ்சிடுச்சு, சார் திட்டுவாரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கையுறைக்குத்தான் பயந்தாள். அதற்கப்புறம்தான் சிவப்பு. ஆள்காட்டி விரல், முதல் கணு. மூடியின் ஓரத்தில் இருக்கிற சின்னப் பொத்தானைக் கறுப்பு டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மூடி திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாக மிஷின் நம்பிக்கொள்வதற்காக. பித்தளைத் துண்டு அடிக்கடி சிக்கும், ஒவ்வொரு தடவையும் திறந்து மூடினால் நாலு விநாடி போகும், நாலு விநாடி போனால் அன்றைய எண்ணிக்கை வராது. மதியத்துக்குள் அந்த டேப்பை உரித்துவிட்டார்கள். பதினாலாம் நம்பரில் மட்டும். மற்றப் பதிமூன்றிலும் இருக்கிறது, இன்று காலைகூட எண்ணினேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பதிமூன்று பேர் வந்து உட்காருவார்கள். பதினாலாவது நாற்காலிக்கு யாரையாவது. “மாரி! என்னடி தீயுது?” இலை தீய்ந்துவிட்டது. கை வாணலியின் காதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆட்டவில்லை. இலைகள் எல்லாம் கறுப்பு, அந்த டேப்பின் கறுப்பு, சமையலறை முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்தேன். “போச்சா?” என்றாள் அம்மா எட்டிப் பார்க்காமலே. “போச்சும்மா.” “வெளிநாட்டுச் சாமான், பார்த்து வறுக்கக் கூடாதா? ஒரு ரவையைக்கூட இப்படித் தீய விட மாட்டியே.”

பொட்டலத்தில் இன்னும் இரண்டு கரண்டிதான் இருக்கும். வாணலி ஆறட்டும். ஹெச்.ஆர். மேடம் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன், மூடினேன். ஐந்தாவது தடவை. “பணிக்குறிப்புத் தாளைத் தமிழாக்கம் செய்தபோது மூடி குறித்த ஏழாவது வரி விடுபட்டுப்போனதை உறுதி செய்கிறேன்.” இதற்குக் கீழே உறுதி என்று ஒரே ஒரு சொல் போட்டால் போதும். ஆறு மணிக்கு விபத்து அறிக்கை ஜப்பான் போகிறது, என் பெயரோடு. கீழே ஞானவேல் சார் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘கவலைப்படாதேம்மா, வேலைக்கு ஒன்றும் ஆகாது, வெறும் எச்சரிக்கைக் கடிதம்தான்.’ விடுபட்டதா. மத்தியானம் ஒரு அரைமணி நேரம் நான் அதை நம்பவே நம்பினேன், அதுதான் பயமாக இருக்கிறது. நான் விட்டிருப்பேனோ, ஆறுக்கு அடுத்து எட்டுக்குத் தாவியிருப்பேனோ, கண் வழுக்கியிருக்குமோ. ஒருவர் தயங்காமல் சொல்லிவிட்டால் எனக்கு என் கண்மேலேயே சந்தேகம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் யாரோ பேனாவை எடுத்ததற்கு என் பையைச் சோதித்தபோது நானும் சேர்ந்து எட்டிப் பார்த்தேன், ஒருவேளை உள்ளே இருக்குமோ என்று. ஆனால் ஏழாவது வரி இருந்தது, நோட்டில் நான் எழுதிய முதல் படியிலும் இருக்கிறது. கோகிலா அக்காதான் அதைச் சத்தம் போட்டுப் படித்தாள். மிஷினை எப்படி ஓட்டுவது என்று நான் தமிழாக்கிய அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய அன்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “மூடியைத் திறந்து வைத்து இயக்குதல் கூடாது! ஏன்டி மாரி, கவர்மென்ட் பஸ்ல கரம் சிரம் புறம் நீட்டாதீர்னு எழுதியிருப்பானே, அவன்கிட்டயா படிச்ச?” என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது, மறுநாள் திருத்தி எளிமையாக எழுதி வரலாம் என்று நினைத்து எழுதாமலே விட்டேன். இருந்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன், சுவரில் தாள் இல்லை. நாலு மூலையிலும் டேப் ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து நாலு வெள்ளைச் சதுரம். அந்தச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒருவர் கடந்து போனார், என்ன பார்க்கிற என்று கேட்டார், ஒண்ணுமில்ல என்றேன். எத்தனை ஒண்ணுமில்ல.

மறுபடி வாணலி. இந்தத் தடவை ஆட்டுகிறேன், நிறுத்தவே மாட்டேன். இடது கையில் போனை எடுத்துக் குறிப்பைப் பார்த்தேன், பாலுக்கு முன்னால் தண்ணீர் எவ்வளவு என்று. அரை தம்ளர். கட்டைவிரல் வழுக்கி அடுத்த படம் வந்துவிட்டது. அது குறிப்பு இல்லை. கட்டம் போட்ட தாள். வாணலியை ஆட்டிக்கொண்டே பார்த்தேன், பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் தெரியாதது போல இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பதினாலாம் நம்பர் மிஷினின் சோதனைத் தாள். தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு இடமாக விரலை நீட்டிக் காட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்லி, சரி என்றால் சரி என்று கத்தி, அப்புறம்தான் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். ஹயாசே சான் ஊரில் ரயில் ஓட்டுகிறவர்கள்கூட அப்படித்தானாம். கண் பொய் சொல்லும், வாய் சொல்லிவிட்டால் கண் விழித்துக்கொள்ளும் என்பார். அவர் வந்த புதிதில் லைனில் எல்லோரையும் நிற்க வைத்துச் செய்து காட்டினார், வயதான மனிதர், விரலை விறைப்பாக நீட்டிக்கொண்டு. நான் அதைத் தமிழில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், முதல் வரிசைக்கே கேட்கவில்லை. கோகிலா அக்காதான், “மூடி! சரி!” என்று சந்தையில் கூவுகிற மாதிரிக் கூவினாள். விளையாட்டாக ஆரம்பித்து அவள் ஒருத்திதான் ரொம்ப நாள் விடாமல் செய்தாள். பிறகு அதுவும் போயிற்று. “கோகிலா, கச்சேரி போதும், உட்காரு” என்று ஞானவேல் சார் சொன்னது எனக்கே கேட்டிருக்கிறது. அப்புறம் டிக் எல்லாம் திங்கட்கிழமையே விழ ஆரம்பித்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஆறு நாளைக்கும் ஒரே மூச்சில். இந்தப் படத்திலும் அப்படித்தான். வியாழன், மூடி, டிக். வெள்ளி, மூடி, டிக். சனி, மூடி, டிக். படம் எடுத்த நேரம் மேலே இருக்கிறது. புதன்கிழமை, மாலை நாலு பத்து. கீழே தமிழில் இருந்த ஒரு குறிப்பை ஜப்பானிய மொழியில் மாற்றுவதற்காக எடுத்தது. டிக்கெல்லாம் எனக்கு வேண்டியதில்லை. ஆனால் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது, அம்மா யார் புடவைக்கு எந்த நூலைப் போடுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியும். வியாழக்கிழமையின் டிக்கைப் புதன்கிழமை பார்த்தேன். நாளைக்கு யார் மூடியைப் பார்க்கப் போகிறார்கள், பார்த்தாகிவிட்டதே என்று தோன்றியது, ஆமாம், இந்த வார்த்தைகளிலேயே தோன்றியது. ஞானவேல் சார் பக்கத்திலேயே நின்றிருந்தார். “சார்” என்றேன். “என்னம்மா?” என்றார். நல்லபடியாகத்தான் கேட்டார். “ஒண்ணுமில்ல சார்.” பத்தொன்பது மணி நேரம் இருந்தது. புதன் நாலு பத்திலிருந்து வியாழன் பதினொன்றே கால். அதில் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். இரவு தோசை சாப்பிட்டேன், மூன்று.

முதல் புகை. இறக்கிவிட்டேன். இலை காய்ந்த புளியங்கொட்டை நிறம். வாணலி அடுப்பில் இல்லை, ஆனாலும் உள்ளே மெதுவாகப் பொரிகிற சத்தம், அவர்கள் எழுதியது சரிதான், இறக்கிய பிறகும். வேறு தட்டில் கொட்டிப் பரப்பினேன். ஆக இந்தப் படத்தைக் காட்டினால் தெரிந்துவிடும், மூடியை யாரும் பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று, ஏழாவது வரி இருந்ததா இல்லையா என்பதே அப்புறம் பேச்சில்லை. அதே படத்தைக் காட்டினால் இன்னொன்றும் தெரியும், நாலு பத்துக்கு இதைப் பார்த்தவள் யார் என்று. செய்யாத தப்புக்கு வெறும் கடிதம். செய்த தப்புக்கு என்ன கொடுப்பார்கள் என்று எந்த மெயிலிலும் இல்லை. செய்யாததை ஒப்புக்கொண்டால் செய்தது மறைந்துவிடும். இதை ஞானவேல் சார் நினைத்திருக்க முடியாது, அவருக்குப் படம் இருப்பது தெரியாது. எனக்காக யாரோ உட்கார்ந்து தைத்த மாதிரி அளவாக இருக்கிறது. தண்ணீர் கொதித்தது, அணைத்துவிட்டு இலையைப் போட்டேன், நம் டீ மாதிரி கொதிக்க விடக் கூடாது, கசக்கும், ஒரு நிமிடம் மூடி வை. ஒரு நிமிடம். மூடி. வடிகட்டிப் பாலோடு சேர்த்து மறுபடி சின்னத் தீ, பால் பொங்கவே கூடாது, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ் வரும்வரைதான், அத்தோடு இறக்கிவிட வேண்டும். நின்று விளிம்பையே பார்த்தேன். போன் அடித்தது. ஞானவேல் சார். ஈரக் கையோடு எடுத்தேன். “மாரி, மெயில் பார்த்தியாம்மா?” “பார்த்தேன் சார்.” “ஒரு வார்த்தை போட்டு விட்டுடு, என்ன? ஹயாசேகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ பேச வேண்டியதே இல்ல.” போனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “நல்ல பொண்ணும்மா நீ. வீட்டுல அம்மா சௌக்கியமா? ஃபால்ஸ் தைக்கிறாங்கன்னு சொன்ன இல்ல? எங்க வீட்டுலகூட ரெண்டு புடவை இருக்கு, அனுப்புறேன்.” “சரி சார்” என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியவில்லை, புடவைக்கா, மற்றதற்கா. அவர் இரண்டுக்கும் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். திரும்பினால் அம்மா அடுப்புகிட்ட நிற்கிறாள், தீயைப் பெரிதாகத் திருப்பிவிட்டிருக்கிறாள், பால் எழும்பி வழிந்து அடுப்பெல்லாம் பழுப்பு நுரை. “அம்மா!” “என்னடி? பொங்காத பாலைக் குடிச்சு வயித்துவலியில படுக்கவா? நான் வந்து பார்த்தா அது பாட்டுக்குச் சிம்முல முனகிட்டு இருக்கு.” நல்ல மனசோடுதான் செய்தாள். நான் அணைத்தேன். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அம்மா துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். “யாரு போன்ல?” “ஞானவேல் சார்.” “நல்ல மனுஷன். போன பொங்கலுக்குக்கூட என்னை விசாரிச்சாராம் இல்ல?” “ஆமாம்மா.” “அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” ஒண்ணுமில்லம்மா என்று வாய்வரை வந்தது. வந்ததைக் கவனித்தேன். நாக்கு எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்றுகூடக் கவனித்தேன். சொல்லவில்லை. அம்மா துணியைப் பிழிந்து போட்டுவிட்டுப் புடவைக்குப் போய்விட்டாள்.

சமையல் சாக்லேட்டைக் கத்தியால் சீவிப் போட்டேன், ஒரு சிட்டிகை உப்பு. போட்டதும் கலக்காதீர்கள், ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், சூடு தானாக உள்ளே போகட்டும் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில்தான் கோகிலா அக்காவிடமிருந்து வந்த குரல் பதிவைத் தட்டினேன். மூன்று மணிக்கே வந்திருந்தது, பயந்து தொடவில்லை. அவளுக்கு இப்போது எழுத முடியாது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள். “மாரி, நான்தான்டி. வலிக்குது, ஆனா பரவால்ல. மத்தியானம் ஞானவேல் சாரு ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. அந்தச் சுவத்துத் தாளுல மூடி பத்தி எழுதவே இல்ல, அதனாலதான் எனக்குத் தெரியலன்னு சொல்லச் சொல்றாரு. ஆபீஸ்ல இருந்து வந்து எழுதி வாங்குவாங்களாம். எழுதியிருந்துச்சே சாருன்னேன். உனக்கு மருந்து மயக்கம்னுட்டாரு. எனக்கே இப்ப கொழப்பமா இருக்குடி. நீதான எழுதின, நீ என்ன சொல்றியோ அதையே நானும் சொல்லிடுறேன்.” அப்புறம் பெஞ்சுச் சத்தம் மட்டும், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். “அந்த மாட்டுப் புல்லு டீ போட்டியா? இங்க குடுக்குற கஞ்சி வாய்ல வைக்க முடியல.” நீ என்ன சொல்றியோ. இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவளும் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறாள். வாய்விட்டுப் படித்தவள், சிரித்தவள். நான் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டு பேர் வாயும் மூடிக்கொள்ளும், அப்புறம் அந்தப் பதிமூன்று பேர். மத்தை எடுத்து நடுவிலிருந்து கடைந்தேன். மேலே மிதந்த சாக்லேட் திட்டுத் திட்டாகப் பிரிந்து, சுழன்று, பிறகு ஒன்றாகிவிட்டது. வாசனை நான் நினைத்தது போல இல்லை, மழை நாளில் விறகடுப்பு எரியும் வீட்டைத் தாண்டிப் போவது போல் இருந்தது, அடியில் இனிப்பு. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நாக்கு சுட்டது, ருசி தெரியவில்லை. பொங்கி வழிந்ததால் சரியாக வந்ததா என்று சொல்ல எனக்குத் தெரியாது, சரியாக வந்தது எப்படி இருக்கும் என்று யார் கண்டார்கள். ஒரு தம்ளர் அம்மாவுக்கு வைத்தேன். மீதியை ஃப்ளாஸ்க்கில் ஊற்றினேன். மணி ஐந்து முப்பத்தெட்டு. கோகிலா அக்கா இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஆறு பத்துக்கு.

மேடைமேல் போனை வைத்துவிட்டு எழுதினேன். ஹயாசே சானுக்கு, அவர் மொழியில். ஞானவேல் சாருக்கும் மேடத்துக்கும் நகல். ஏழாவது வரி இருந்தது, சுவரில் ஒட்டியிருந்தது, கோகிலவாணி படித்தார், என் நோட்டில் முதல் படி இருக்கிறது. இன்னும் பதிமூன்று மிஷினில் டேப் இருக்கிறது. இதுவரை சுலபமாகத்தான் வந்தது. அடுத்ததற்கு, புதன்கிழமையே டிக் அடிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது என்று போட்டேன். யாருக்குத் தெரியவந்தது என்று சொல்லாமலே எழுதும் வழி அவர்கள் மொழியிலும் இருக்கிறது, நம் மொழியிலும் இருக்கிறது, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அழித்தேன். புதன்கிழமை நாலு பத்துக்கு இதை நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. படத்தை இணைத்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு. அனுப்பாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து ஐம்பத்து மூன்று. கூடத்தில் அம்மா தம்ளரை உறிஞ்சினாள். “பரவால்லடி, கருகின வாசனை, ஆனா நல்லாத்தான் இருக்கு” என்றாள். அடுப்புத் திருகியைப் பார்த்தேன். மூடியிருந்தது. விரலை நீட்டினேன். “கேஸ்” என்றேன், காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். “கேஸ். சரி.” இது கேட்டது. “ஃப்ளாஸ்க் மூடி! சரி!” என் குரல் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது, வேறு யாரோ பேசுவது போல. விரலைத் திரைக்குத் திருப்பினேன், ஒவ்வொன்றாக. “ஏழாவது வரி! சரி! படம்! சரி!” அம்மா ஊசியும் நூலுமாக எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். “யாருகிட்டடி இப்படிக் கத்துற?” கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனேன். “முத்துமாரி! சரி!” என்று கத்திவிட்டு, அதே விரலால் அனுப்பினேன்.